அத்தான் வாங்கி அனுப்பிய குண்டு

கருங்குளம்,
தை கடைசி வெள்ளி, 1973

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதுவது.

இங்கே மனுஷர்கள் எல்லோரும் சுகம். நெல்தான் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் இருமல் விட்டதா? இருமல் என்று நீங்கள் எழுதிய நாளிலிருந்து உங்கள் அம்மா சுக்கைத் தட்டித் தட்டி ஒரு டப்பா நிறைத்து வைத்திருக்கிறார்கள். கப்பலுக்குப் போகிறவர் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிட வேண்டுமாம். கருங்குளத்திலிருந்து கப்பலுக்குப் போன ஒரே ஆள் நீங்கள்தான் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

ரோச் அண்ணாச்சி லீவில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய மறுநாளே பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். உங்களோடு ஒரே கப்பலில் இருந்துவிட்டு வந்த மனிதர் அல்லவா, அவரை உட்காரக்கூட விடாமல் கேள்வி கேட்டேன். மெலிந்திருக்கிறாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, ராத்திரி என்னத்தை நினைத்துக்கொண்டு படுக்கிறார் என்றெல்லாம். “கடைசிக் கேள்விக்கு அவனே வந்து பதில் சொல்லட்டும் தாயி” என்று சிரித்துவிட்டார்.

அவர் கொடுத்த பார்சலைப் பிரித்தால் மேலே கிளிப்பச்சையில் ஒரு நைலக்ஸ் சேலை, உள்ளே ஒரு இரும்பு. சேலைக்குள் இரும்பைச் சுற்றி அனுப்புகிற புருஷன் இந்தத் தாலுகாவிலேயே நீங்கள் ஒருவர்தான். நம் வீட்டில் துப்பாக்கிக் குண்டு வார்க்கிற அச்சு மாதிரியே இதுவும் பாக்குவெட்டி போலத் திறந்து மூடுகிறது. ஆனால் உள்ளே உருண்டைக் குழி இல்லை. அடி தட்டையாகவும் நுனி கூராகவும் தாமரை மொட்டு வடிவத்தில் இருக்கிறது.

கூட வைத்திருந்த கடிதத்தைப் படித்தேன். அமெரிக்காவில் துறைமுகத்துப் பக்கம் வேட்டைச் சாமான் விற்கிற கடையில் வாங்கினீர்களாம். அங்கேயும் நம்மைப் போல குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்களாம். கூர்க்குண்டு உருண்டையைவிடக் கனமாம், பன்றித் தோலை ஊசி மாதிரித் துளைக்குமாம். நல்லது. அதற்கு அடுத்த வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. “இதற்குத் துணி சுற்ற வேண்டாம், மெழுகு தடவி ஒரே ஆள் போட்டுவிடலாம், நான் அங்கே இல்லாவிட்டாலும் இனிக் கஷ்டமில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

துணி சுற்றுவது கஷ்டம் என்று உங்களிடம் யார் சொன்னது?

நமக்குக் கல்யாணமான வருஷம் நீங்கள் துறைமுகத்தில் தோணிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவீர்கள். பையில் ரோச் அண்ணாச்சி வீட்டுப் பழைய வலையில் கழற்றிய ஈயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இட்லி இறக்கின அடுப்பிலேயே அதை உருக்குவோம். அச்சை நான் பிடிப்பேன், நீங்கள் ஊற்றுவீர்கள். கையை எடு, சுட்டுரும் என்று நீங்கள் கத்துவதும், ஒழுங்காய் ஊற்றத் தெரியாதவருக்கு வாய் என்னத்துக்கு என்று நான் கத்துவதும், “ரெண்டு பேரும் சண்டை போட்டு ஈயத்தக் கொழம்புச் சட்டியில ஊத்திராதிய” என்று புறவாசலிலிருந்து உங்கள் அம்மா சத்தம் போடுவதும் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. பிறகு என் பழைய சேலையை வட்டம் வட்டமாகக் கத்தரித்து இலுப்பெண்ணெயில் தோய்ப்போம். “ஒன் சேலையச் சுத்திப் போட்டாத்தாம்ளா குண்டு கோணாமப் போவுது” என்பீர்கள். சும்மா சொல்கிறீர்கள் என்று தெரியும். தெரிந்தும், அடுத்த வாரத்துக்கு ஒரு சேலையைத் தனியாக எடுத்து வைப்பேன்.

நம் வீட்டு உருண்டைக் குண்டு ஒன்று உங்கள் பெட்டிக்குள் இருந்ததாம், அதைக் காட்டித்தான் கடையில் அளவு பார்த்து வாங்கினீர்களாம், ரோச் அண்ணாச்சி சொன்னார். அதை எதற்குக் கடல் தாண்டிக் கொண்டு போனீர்கள்? கேட்டதும் அண்ணாச்சிக்குக் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவர் இன்னொன்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பங்குனிக் கடைசியில் கப்பல் பம்பாய்க்கு வரும்போது உங்கள் ஒப்பந்தம் முடிகிறதாம். அங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறீர்களாம். எனக்கு ஒரு வரி எழுதவில்லையே அத்தான்! வயலுக்கும் வீட்டுக்கும் தம்பி மாசானம் இருக்கிறான், துப்பாக்கிக்குக் கூர்க்குண்டு இருக்கிறது, பிறகு எனக்கு என்ன குறை என்று நினைத்துவிட்டீர்கள் போல.

நெல் விஷயம். வல்லநாட்டு மலைப் பக்கமிருந்து ஒற்றைப் பன்றி ஒன்று இறங்கி வந்து ஆற்று நாணலுக்குள் குடியிருக்கிறது. தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகம். மடையை ஒட்டின வயலில் பாதி போய்விட்டது. மாசானம் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து விஷயமாக எனக்குப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பச்சைச் சேலையை இன்னும் கட்டாத
அருணாசலவடிவு

—

கருங்குளம்,
மாசி முதல் வாரம்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன், அவசரம்.

உங்கள் தம்பிக்கு அந்த அச்சைக் கண்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பினது என்று டீக்கடை, ரேஷன் கடை, மாரியம்மன் கோவில் நடை என்று ஒரு இடம் விடாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டான். நான் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் தானாகவே ஈயத்தை உருக்கி, தானாகவே அச்சைப் பிடித்து, தட்டு நிறையக் கூர்க்குண்டு வார்த்து வைத்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “பாத்தியளா மயினி, ஒரே ஆள்!” என்றான். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது, பாவம், அவன் என்ன செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரையில் நெல் புடைக்கிற பழைய சுளகைச் சார்த்தி இரண்டையும் சுட்டுப் பார்த்தோம். பக்கத்து வயல் தாணுலிங்கம் அண்ணாச்சியும் வந்திருந்தார். முதலில் உருண்டை. மிச்சமிருந்த கடைசித் துணியைச் சுற்றி, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுட்டான். சுளகின் நடுவில் நாலணா போல வட்டமாக ஓட்டை விழுந்தது. பிறகு உங்கள் கூர்க்குண்டு. துப்பாக்கி அவன் தோளில் உதைத்த உதையில் இரண்டடி பின்னால் போய்விட்டான். சுளகின் விளிம்பில்தான் பட்டிருந்தது. அந்த ஓட்டை வட்டமாக இல்லை அத்தான், அச்சடித்த மாதிரி குண்டின் முழு நீளத்துக்கும் இருந்தது. அப்படியென்றால் நுனி முன்னால் போகவில்லை, குண்டு படுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஊசி மாதிரித் துளைக்கும் என்று எழுதினீர்களே, ஊசியைக் குறுக்கே வைத்துக் குத்தினால் எங்கே துளைக்கும்?

இன்னொன்று. அடுத்த கூர்க்குண்டு பாதிக் குழலோடு நின்றுவிட்டது. முந்தின வெடிகளின் கரி உள்ளே அப்பியிருக்கிறது, குண்டோ இறுக்கம். உருண்டை என்றால் சுற்றின துணியே கரியைத் துடைத்துக்கொண்டு இறங்கும். இதற்குத்தான் துணி கிடையாதே. மாசானம் கம்பியை ஒரு கல்லால் தட்டித் தட்டி இறக்கினான். குண்டு மருந்தில் உட்காராமல் இடையில் நிற்கும்போது சுட்டால் குழலே பிளந்துவிடும் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்.

தாணுலிங்கம் அண்ணாச்சியோ, “ஓட்டை பெருசாத்தானே விழுது, பன்னிக்கு வட்டமா இருந்தா என்ன, நீளமா இருந்தா என்ன?” என்கிறார். மாசானம் அதற்கும் மேலே. “வடிவு மயினிக்குச் சேலையச் சுத்தலன்னா துப்பாக்கியே வெடிக்காது” என்று கேலி செய்கிறான். அண்ணன் கடையில் கேட்டு வாங்கினது தப்பாய்ப் போகாது என்பதுதான் அவன் பேச்சு. சுளகைக் கண்ணால் பார்த்த பிறகும் சுளகின் மேல் குறை சொல்கிறான்.

துணிக்கும் இப்போது வழியில்லை என்பது வேறு. நீங்கள் அனுப்பி அனுப்பி என் பெட்டி முழுக்க நைலக்ஸாகிவிட்டது. ஒன்றைக் கத்தரித்துச் சுற்றிப் பார்த்தோம். குழலுக்குள் உருகி ஒட்டிக்கொண்டு, கோழி இறகைத் தீயில் போட்ட நாற்றம். உங்கள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “எம்புள்ள அனுப்பின சேலையைக் கொளுத்துதாளே!” என்று தெருவையே கூட்டிவிட்டார்கள். நூல் சேலை என்று மிச்சம் இருப்பது, உங்கள் முதல் துறைமுகச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மதுரைச் சுங்குடி ஒன்றுதான். அதில் கத்தரி வைக்க எனக்கு மனசு வராது, கேட்கவும் வேண்டாம்.

அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி, உள்ளே வழுவழுப்பாக இருக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு இது ஆகுமா என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை உருண்டைதான் என்று மாசானத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரி என்றான். அவன் சரி என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ரோச் அண்ணாச்சி வீட்டு ஹில்டா அக்கா கருவாடு கொடுத்துவிட்டிருந்தாள். உங்களை நினைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அன்புடன்,
வடிவு

—

தூத்துக்குடி,
மாசி மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

மாசானம் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி நீங்கள் எங்காவது உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று உங்கள் அம்மா என்னிடம் சத்தியம் கேட்டார்கள். “கப்பல்ல ஒத்தையில கெடக்க புள்ள, தாங்க மாட்டாம்ளா” என்று அழுதார்கள். நான் சத்தியம் செய்யவில்லை. உங்கள் தம்பிக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் மறைத்தால் நான் உங்களுக்கு யார்?

போன புதன்கிழமை விடிகிற நேரத்தில் பன்றி மடை வயலில் இறங்கியிருக்கிறது. மாசானமும் தாணுலிங்கம் அண்ணாச்சியும் வரப்பில் காத்திருந்தார்கள். அவன் போட்டிருந்தது கூர்க்குண்டு. “அண்ணன் குண்டுல பன்னி விழுந்துச்சுன்னு எழுதினா அவனுக்கு எம்புட்டுச் சந்தோசமா இருக்கும்” என்று அண்ணாச்சியிடம் சொன்னானாம். தோளைக் குறி வைத்துத்தான் சுட்டான், அண்ணாச்சி சாமி மேல் ஆணையாகச் சொல்கிறார். குண்டு கோணிப் போய்ப் பின்தொடையில் பட்டது. பன்றி நாணலுக்குள் ஓடாமல் திரும்பிவிட்டது. இவன் அடுத்த குண்டைப் போடுகிறான், அது பாதிக் குழலில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. “கம்பியப் போட்டுட்டு ஓடுலே, ஓடுலே” என்று அண்ணாச்சி கத்தியிருக்கிறார். உங்கள் தம்பி இடித்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

வலது தொடையைக் கிழித்துவிட்டது அத்தான். அண்ணாச்சி அன்றைக்குத் தன் துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை, மண்வெட்டியால் அடித்து விரட்டியிருக்கிறார், இல்லையென்றால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு லாரியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி. டிரைவர் யாரோ என்னவோ, அந்த மகராசன் வழியில் ஒரு இடத்தில் நிறுத்தவில்லை. மாசானம் என் மடியில்தான் தலை வைத்திருந்தான். என் சேலையெல்லாம் ரத்தம்.

ரோச் அண்ணாச்சியும் ஹில்டா அக்காவும் அன்றிலிருந்து எங்கள் கூடத்தான் இருக்கிறார்கள். சோறு அவர்கள் வீட்டிலிருந்து வருகிறது. ரோச் அண்ணாச்சி இரண்டாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னார். அந்த ஊர்த் துப்பாக்கிக் குழலுக்குள் திருகாணி மாதிரிப் புரி வெட்டியிருக்குமாம். அந்தப் புரியில் சுழன்று வெளியே வந்தால்தான் கூர்க்குண்டு நேராகப் போகுமாம். நம்மைப் போல வழுவழுப்புக் குழலுக்கு உருண்டையும் துணியும்தான் சரியாம். கடைக்காரன் இதையெல்லாம் விளக்கி, உன் துப்பாக்கிக்குப் புரி உண்டா என்று கேட்டானாம். நீங்கள் பாதி புரியாமல், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, யெஸ் யெஸ் என்று தலையாட்டிவிட்டு வாங்கினீர்களாம். பக்கத்தில் நின்ற அண்ணாச்சிக்கும் நம் குழல் எப்படி என்று அன்றைக்குத் தெரியாதாம். எனக்கு வந்த கோபத்தில் நீங்கள் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ! பிறகு, அந்நிய ஊர்க் கடையில் நீங்கள் நின்று தலையாட்டுகிறது என் கண்ணில் தெரிந்தது. வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகவேண்டும் என்ற ஆசைதானே. கோபம் அப்படியே அழுகையாகிவிட்டது.

பன்றி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கூட்டிக் குறைத்து எழுதுவதற்குள். எந்த வீட்டுத் துப்பாக்கி காயப்படுத்தியதோ அந்த வீட்டுத் துப்பாக்கிதான் முடிக்கவேண்டும் என்பது நம் ஊர் முறை, உங்களுக்குத் தெரியாதது இல்லை. காயம்பட்ட பன்றி வாழைக்குள் கிடக்கிறது, அது இருக்கிற மட்டும் அறுப்புக்கு ஒரு ஆள் வயலில் இறங்கமாட்டேன் என்கிறது. தாணுலிங்கம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவருடைய துப்பாக்கியால் சுடச் சொன்னேன், முறை தப்பும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாசானம் படுத்திருக்கிறான், நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். நான் ஹில்டா அக்காவை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஊருக்குப் போனேன்.

குழலில் மாட்டியிருந்த கூர்க்குண்டைத் தாணுலிங்கம் அண்ணாச்சி முன்னாலேயே எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். சுங்குடியை எடுத்து முந்தானைப் பக்கம் கத்தரித்தேன். யோசிக்கவே இல்லை. எண்ணெயில் தோய்த்து உருண்டையைச் சுற்றி இடித்தேன், சர்ரென்று இறங்கிற்று. கல்யாணமான புதிதில் என் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு சுடச் சொல்லிக் கொடுத்தீர்கள், களை எடுக்கிற பெண்களெல்லாம் பார்த்துச் சிரிக்க நான் வெட்கத்தில் செத்தேன். அன்றைக்கு உங்கள் கை தோளில் இருந்தது. இப்போது தாணுலிங்கம் அண்ணாச்சி பக்கத்தில் நின்று முருகா முருகா என்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். பன்றி எழுந்திருக்கமாட்டாமல் முறைத்துக்கொண்டு கிடந்தது. காதுக்குக் கீழே ஒரே குண்டு. பிறகு வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கறியில் சுட்டவருக்குச் சேருகிற தலைப் பங்கும் வேண்டாம், ஒரு பங்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸில் என் பேர் இல்லை, போலீஸ் கேட்டால் தானே சுட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி மீசையை முறுக்குகிறார். அறுப்பு வியாழக்கிழமை தொடங்குகிறது.

நேற்றுச் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்து போனேன். தோணிகள் உப்பு ஏற்றிக்கொண்டு தூரத்துக் கப்பலுக்குப் போகின்றன. முன்னால் நீங்களும் நானும் உட்காருகிற இடத்தில் வலை காயப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே முத்துக் குளித்ததை ரோச் அண்ணாச்சியின் அப்பா கதை கதையாகச் சொல்வாரே, இரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோமே. முங்குகிறவன் எவ்வளவு ஆழம் போனாலும், கயிறு பிடிக்கிறவன் அவன் மச்சானாகத்தான் இருப்பான், கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்பார். அப்போது கதையாகத்தான் கேட்டேன். நேற்று அங்கே ஒரு ஆள் துணையில்லாமல் நின்றபோது எனக்கு உங்கள் மேல் ஆசையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

இனி மாசானம். கால் தப்பிவிட்டது, நடப்பான் என்கிறார் டாக்டர். ஆனால் பழையபடி நடக்கமாட்டான், சாய்த்துத்தான் நடப்பான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். அவன் வருத்தமெல்லாம் காலைப் பற்றி இல்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “மயினி, அண்ணனுக்கு எழுதினா, குண்டு நல்ல குண்டு, எனக்குத்தான் குறி பாக்கத் தெரியலன்னு எழுதுங்க. அவன் எம்புட்டு ஆசையா வாங்கி அனுப்பியிருக்கான்” என்றான். அப்படி இல்லைலே, புரி இல்லாத குழலுக்கு அது ஆகாது, உன் மேல் தப்பே இல்லை என்று நானும் சொன்னேன், ரோச் அண்ணாச்சியும் தாளில் படம் போட்டுக் காட்டினார். கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். யார் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறான். கையாலாகாதவன், அண்ணன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். சோறு இறங்கவில்லை. டாக்டர் புண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை, இதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்.

அத்தான், இரண்டு வருஷம் பிரிந்திருந்ததற்கு நான் உங்களிடம் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். பம்பாயில் அந்தக் காகிதத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மாசானத்துக்கு ஆறுதல் சொல்லிக் கடிதமும் போடாதீர்கள், போட்டால் நான் அவனுக்குப் படித்துக் காட்டமாட்டேன். நேரே ரயில் ஏறி வாருங்கள். வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்து, குறி தப்பலலே, நான்தான் கேக்காமக் கொள்ளாம வாங்கிட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவன் நம்புவான்.

திருச்செந்தூர் முருகன் துணையிருந்து கப்பலைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். சேர்ந்த பிறகு மறுபடி அதில் ஏறாதீர்கள்.

உங்கள்
வடிவு